கை நீட்டாதவர்

மஞ்சணை பூசிய பீடத்தில் பிச்சிப்பூ வெயிலுக்கு வதங்கும் வாசனை எங்கே வந்தாலும், முதுகுக்குப் பின்னால் கோத்த இரண்டு கைகள் எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

மதங்களைச் சமூகவியல் நோக்கில் ஆராயும் சங்கம் ஒன்றின் செயலாளர் அவர். பாளையங்கோட்டைக் கருத்தரங்குக்கு வந்தவர், சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவைப் பார்க்க வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த புருவம். எந்தக் கோயிலிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். பார்க்க வந்தவன் பங்கெடுக்கக் கூடாது என்பது அவருடைய தொழில் ஒழுக்கம்.

உச்சிவேளையில் சாமியாடி கூட்டத்தைப் பிளந்து நேராக அவரிடம் வந்து, திருநீற்றுக் கையை நீட்டினார். மேளம் நின்றது. ஆற்றங்கரைக் காற்றும் நின்றதுபோல் இருந்தது.

"வாங்கிருங்க சார், தேடி வந்து குடுக்காருல்லா," என்றார் பூசாரி.

"வாங்கினா நான் ஆராய வந்தவன் இல்லைன்னு ஆயிரும்ங்க."

"பெரிய படிப்புல்லா, கை நீளாது வே," என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. சாமியாடி திருநீற்றை அவர் காலடியில் கொட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். விலகிய கூட்டம் அதற்குப் பிறகு அவர் பக்கம் நெருங்கவே இல்லை.

அது துணிவா, பிடிவாதமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, பூசாரியிடம் மெல்லக் கேட்டார்: "சாமிக்குக் கோபமோ?" ஆராய்ச்சிக்காகக் கேட்ட குரலாக அது இல்லை.

"கோவம்லாம் இல்ல சார். பைய போங்க. ஆத்துப்பாலம்தான் சாமிக்கு எல்லை, அதுவரைக்கும் உங்க கூடத்தான் வருவாரு. அதுக்கு அங்கிட்டு அவரு பொறுப்பு இல்ல."