மதினி கையில் தின்ற ஆமை

மார்கழி முதல் வாரத்தில் ஆமையின் மூக்கில் சளி குமிழிட்டது. இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. நான் அப்போதுதான் கம்பவுண்டர் படிப்பு முடித்து, மதுரையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். என் ஆமைக்கு வைத்தியம் பார்க்க வேறு யார் வேண்டும்?

என் ஆமை என்றுதான் சொல்வேன். பாவாடை கட்டிய பத்து வயதில், எழுமலைப் பக்கத்துப் பாறைக் கரட்டிலிருந்து எனக்கு அண்ணன் துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தது. ஓடு நிறைய மஞ்சள் நட்சத்திரக் கோடுகள். வீட்டுக்கு ஆகாது என்று தெருவே சொன்னது. அழுது அடம்பிடித்து வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷம்.

அதே எழுமலையிலிருந்து மதினி அண்ணனைக் கல்யாணம் செய்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது; இப்போது இரண்டு மாதமாக முழுகாமல் இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். வந்த வாரத்திலேயே அவள் காலடிக்கு ஆமை தலையை நீட்டியது. எனக்கு நீட்ட மூன்று மாதம் எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளிக்காரிக்குச் செய்வதை அப்படியே செய்தேன். இருட்டறை. அசைக்கக் கூடாது. காலை மாலை போரிக் பவுடர் கரைத்த தண்ணீரில் கண் துடைப்பு. மூன்று வேளை பால்கஞ்சி. தினமும் தராசில் எடை. எல்லாவற்றையும் ஓர் அட்டையில் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் மாட்டினேன். மத்தியானக் கஞ்சியை மட்டும் மதினியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

"இருபது சொட்டு, மதினி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"எண்ணிக்கிட்டு இருக்கையில எனக்குத் தும்மல் வந்துட்டா?"

நாலு நாள் எடை இறங்கியது. பிறகு நின்றது. அடுத்த வாரம் ஏறத் தொடங்கி, ஒரு கண்ணும் லேசாகத் திறந்தது. அட்டையை அண்ணனிடம் காட்டினேன்.

"பாத்தியாண்ணே, கஞ்சிக்கு நல்லாக் கேக்குது."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். மசக்கை என்று நினைத்தேன்.

மறுநாள் எனக்கு அரைநாள் விடுப்பு. வீட்டுக்கு வந்தால் இருட்டறையில் பெட்டி காலி. மொட்டை மாடியில், வெயிலில் காய்ந்த தளத்தில், ஆமை கழுத்தை முழுசாக நீட்டி நின்றது. எதிரே மதினி. காலையில் வாசல் கோலத்தில் சாணிமேல் செருகிய பூசணிப்பூ ஒன்று அவள் கையில். ஆமை அதைக் கடித்து இழுத்தது. வாயெல்லாம் மஞ்சள்.

"கஞ்சி?" என்றேன்.

"அத மொத நாளே துப்பிருச்சு. வீணாப் போகுதேன்னு கிண்ணத்தோட நாங் குடிச்சேன். எனக்கு வயித்துல நிக்கிறது அது ஒண்ணுதான் தாயி."

"தெனமுமா?"

"தெனமும்தான். இத மேல கொண்டாந்து வெயில்ல விட்டு பூவக் குடுத்தேன். கோவிக்காத. இது எங்க ஊரு கரட்டுல வெயில்ல கெடக்குற சாதி. இம்புட்டு இருட்டுல போட்டா என்னத்துக்காகும்?"

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. ஆமை பிழைக்கிறது என்பது கண்ணில் படவே இல்லை. அவள் கையில் தின்பதுதான் பட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அது என் கையிலிருந்து தின்றதில்லை. தரையில் வைத்துவிட்டு நான் விலகினால்தான் வாய் வைக்கும்.

"என் ஆமைய நான் பாத்துக்கிறேன்."

தூக்கிக்கொண்டு இறங்கி, இருட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். மத்தியானக் கஞ்சிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நானே ஓடிவந்தேன். அது வாயோரம் வழிந்து ஒழுகியது. மூன்றாம் நாள் காலையில், திறந்திருந்த கண்ணும் மூடிக் கிடந்தது. காலைத் தொட்டால் உள்ளே இழுக்கவில்லை.

இப்படியே வைத்திருந்தால் என் ஆமையாகவே சாகும் என்று தோன்றியது. ஒரு நிமிஷம், அதுவும் பரவாயில்லை என்று தோன்றியதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாடிக்குக் கொண்டுபோனேன். பூசணிப்பூவை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து ஒரு கண் பிளந்தது. தலை வந்தது, பூவருகே நின்றது, உள்ளே போய்விட்டது.

படிக்கட்டுப் பக்கம் போய், "மதினி, மேல வாங்க," என்றேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நீ குடுத்துப் பாக்கலயா?"

"பாத்தேன்."

என் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு குந்தினாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து நீண்டது.

"மத்தியானம் நான் பாத்துக்கிறேன் தாயி. நீ வேலைக்குப் போ."

"காலையிலயும் நீங்களே பாருங்க," என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

கிளம்ப நேரமாகிவிட்டது. ஆனாலும் அது பூவை முழுசாகத் தின்று முடிக்கும்வரை நின்றேன். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.