சாக்கெட்டுக்குள் குங்குமம்

நாமக்கல் பைபாஸில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நான் செய்ததிலேயே கேவலமான வேலை ஒரு முட்டை வண்டியின் பானட்டுக்கு அடியில் நடந்தது.

முந்தின நாள் மேச்சேரி ரோட்டில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கியதில் அட்டை அட்டையாக முட்டை நாசம். அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் காப்பதற்குத்தான் ஏபிஎஸ். அது வேலை செய்யவில்லை என்று மஞ்சள் விளக்கு ஆயுத பூசையிலிருந்தே எரிந்துகொண்டிருந்ததாம். டிரைவர் மூன்று தடவை சொல்லியும் ஓனர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"லைட்டுங்களாம் லைட்டு! ஓட்டத் தெரியாதவனுக்கு அது ஒரு சாக்கு" என்றார் ஓனர். ஐம்பது வயது டிரைவரை, டீ குடிக்க வந்தவர்கள் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு.

நான் ஏபிஎஸ் பெட்டியின் சாக்கெட்டைக் கழற்றினேன். களிம்பு ஏறிய பின்களுக்கு நடுவே குங்குமம் கட்டி தட்டியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பூசையன்று இன்ஜின் மேல் தண்ணீர் பீய்ச்சுவதும், சாக்கெட்டைப் பிடுங்கித் துடைத்துப் பொட்டு வைப்பதும் ஓனர்தான். அன்றைக்கு மட்டும் டிரைவர் வண்டியைத் தொடக் கூடாது. சாதி. ஓனர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று பொரி வாங்கிக்கொண்டு போவார்.

"சொல்லுங்க, இவன் ஓட்டுன லட்சணந்தானுங்களே? வண்டில கோளாறு ஒண்ணுமில்லீங்களே?"

டிரைவர் என்னைப் பார்த்தார். அவர் வேலை என் ஒரு வார்த்தையில் தொங்கியது. ஓனருடைய வண்டிகள் எல்லாம் என் கடைக்குத்தான் வரும்.

"ஆமாங்க, வண்டில ஒண்ணுமில்லீங்க" என்றேன். நான் ஒரு கோழை.

"சாவியக் குடுத்துட்டுப் போடா."

டிரைவர் சாவியைப் பேட்டரி மேல் வைத்தார். என் விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். "வாரேனுங்க" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

பின்களைச் சுரண்டி, சாக்கெட்டை வெளிப்பக்கமும் துடைத்து மாட்டினேன். விளக்கு அணைந்தது. அப்போதுதான் ஓனர் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, சாமி பொட்ட அழிச்சுப் போட்டீங்களே!"

வண்டிக்குள்ளிருந்த சாமி படத்தடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து, அதே சாக்கெட்டைப் பிடுங்கி, மறுபடியும் அழுத்திப் பொட்டு வைத்தார். நான் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.