கழண்டு விழாத கண்ணு

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதுல சக்கரத்துக்குத் திரி வைக்கிற ரூம்ல நானும் பானுப்பிரியாவும் எட்டு வருசமா எதிரெதிர உக்காந்து வேலை பாக்கோம். என் பேரு மாடத்தி. எனக்கு வாய் கொஞ்சம் கூடன்னு ஊரே சொல்லும், சொல்லிட்டுப் போகட்டும்.

பானுவுக்கு ரெண்டு கண்ணுலயும் மைனஸ் ஆறு பவர். கண்ணாடியக் கழட்டுனா எதிர்ல இருக்கிற என் மூஞ்சியே அவளுக்குப் பிசைஞ்ச மாவுதான். போன ஆனி மாசம் பக்கத்து ரூம்ல டமார்னு சத்தம். எல்லாரும் ஓடுனோம். வெளிய வந்து பாத்தா பானுவக் காணும். வேர்வையில கண்ணாடி வழுக்கி விழுந்திருக்கு. நாலு பக்கமும் கதவிருக்கிற ரூம்ல இவ செவத்தத் தடவிக்கிட்டு நிக்கா. உள்ள போயி கொண்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். உசுருச் சேதம் இல்ல, சாமி காப்பாத்துச்சு.

மறுநாளே சொல்லிட்டா: “யக்கா, எனக்குக் கழண்டு விழாத கண்ணு வேணும்.”

மதுரையில ஒரு கண்ணாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். கண்ணாடி இல்லாமப் பாக்க மூணு வகை லேசர் ஆபரேசன் இருக்குன்னு டாக்டரம்மா பொறுமையா வெளக்குனாக. லேசிக்னா கருவிழி மேல மெல்லிசா ஒரு மூடி வெட்டித் தூக்கி, லேசர் அடிச்சு, திரும்ப மூடிருவாகளாம். மறுநாளே பார்வை தெளியுமாம். ஸ்மைல்னா மூடி கிடையாது, சின்னக் கீறல்தான். ஆனா அந்த மெஷின் அவுககிட்ட இல்ல. பி.ஆர்.கே.ன்னா மேல்தோல மட்டும் நீக்கிட்டு லேசர் அடிப்பாக. மூணு நாலு நாளு எரியும், முழுசாத் தெளிய வாரக்கணக்காகும்.

“லேசிக்கே போதும்”னு பானு குதிச்சா. சீசன் நேரம், சீக்கிரம் வேலைக்குத் திரும்பணும்ல.

“என்ன வேலைம்மா பாக்குறீங்க?”

“தையல்”ன்னா, கூசாம.

வெளியூர்ல எங்காளுக பட்டாசு வேலைன்னு வாயத் தொறக்க மாட்டாக. கேக்கிறவுக ‘ஐயோ பாவம்’னு ஒரு பார்வை பாப்பாக, அது எங்களுக்கு ஆகாது. அதுக்காக டாக்டர்கிட்டயுமா பொய் சொல்றது? எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. அவ கைய இழுத்து மேசை மேல விரிச்சேன். நகக்கண்ணு பூரா வெள்ளி நெறத்துல அலுமினியப் பொடி. “இந்தத் தையல நல்லாப் பாத்துக்கோங்கம்மா!”

டாக்டரம்மா சிரிக்கல. “நல்ல வேளை சொன்னீங்க. கண்ணுல அடி பட்டா லேசிக்ல அந்த மூடி நகர வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு பி.ஆர்.கே.தான் நல்லது. ஆனா ஆறுற வரைக்கும், ஒரு மாசமாவது, தூசி வெடிமருந்து பக்கமே போகக் கூடாது.”

சீசன்ல ஒரு மாசம் லீவா? பஸ்ஸு திருத்தங்கல் வார வரைக்கும் விரல மடக்கி மடக்கிச் சம்பளக் கணக்குப் போட்டா. பெறகு அவளே சொன்னா: “தீபாவளி முடிஞ்சு கம்பெனியப் பூட்டுவாகள்ல, அப்பப் பண்ணிக்கிறேன்.” அதுவரைக்கும் கண்ணாடிய நூலால தலையோட கட்டிக்கிட்டா. விழல, ஆனா வேர்வையில மங்குறத என்ன பண்ண? பயந்து பயந்துதான் உக்காந்திருந்தா.

தீபாவளி முடிஞ்சு ஆபரேசன் ஆச்சு. பத்து நாளாகியும் மங்கல்தான். “லேசிக் பண்ணிருந்தா இந்நேரம் ஊசியில நூலு கோத்திருப்பேன். நீங்கதானக்கா கெடுத்தீக”ன்னு அழுதா. வாயக் குடுத்துப் பிள்ள கண்ணக் கெடுத்துட்டமேன்னு இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில கண்மலர் செஞ்சு சாத்துறதா நேந்துகிட்டேன். அஞ்சாவது வாரம் ஒரு நாளு ரோட்டுல நின்னு கத்துறா: “யக்கா, பஸ்ஸு போர்டு தெரியுது! ஏழாயிரம்பண்ணை!” அந்த வாரமே ரெண்டு பேரும் போயிக் கண்மலரச் சாத்திட்டு வந்தோம்.

கம்பெனி தொறந்து மூணாம் நாளு. டமார்! நான் எந்திரிக்குமுன்ன யாரோ என் கொண்டையப் பிடிச்சு இழுக்காக. வெளிய வந்து விழுந்த பெறகுதான் பாக்கேன், பானு. ரோட்டுல லோடு லாரி டயர் வெடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல.

“அடியே, ஒரு டயருக்கா என் கொண்டைய...”ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அழுகை வந்துருச்சு.

“எனக்கு நாலு கதவும் தெரிஞ்சுச்சுக்கா,”ன்னா. “நீங்கதான் எந்திரிக்கவே இல்ல.”