பின்சீட்டு இல்லாத கார்

கீழக்கரையில் அகமது கபீரை ‘டிரைவர் கபீர்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்த ஊர், அவர் வண்டி ஓட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. இளவயதில் ராமநாதபுரத்தில் லைசென்ஸ் எடுத்த கையோடு ரியாத்துக்குப் போய், ஓர் அரபி வீட்டுக்கு டிரைவராக இருந்தே தலை நரைத்தவர் அவர். லீவில் வந்தால் அத்தர் மணக்க நாலு வீட்டுக்குப் போய் சலாம் சொல்லி, விருந்து சாப்பிட்டு, மறுபடி விமானம் ஏறிவிடுவார். ஸ்டியரிங்கைத் தொட நேரம் ஏது?

இந்த முறை வந்தவர் திரும்பிப் போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அரபி அடிக்கடி போன் போட்டு எப்போது வருகிறாய் என்று கேட்பார். கபீர் “இன்ஷா அல்லாஹ்” என்பார், இறைவன் நாடினால் என்று. அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்த நல்ல வார்த்தைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொண்டிருந்தார். கடைசியில் அரபிக்கும் பொறுமை போய்விட்டது. விசா முடியப்போகிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல் என்றுவிட்டார்.

முடிவு கபீர் கையில் இருந்தால் சொல்லியிருப்பார். அது மஜீதா கையில் இருந்தது. தான் இங்கேயே இருப்பதில் அவளுக்குச் சம்மதமா, இல்லை இத்தனை வருடம் தனியாக வீட்டை ஆண்டு பழகியவளுக்கு இது தொந்தரவா என்று அவருக்குப் புரியவே இல்லை.

கீழக்கரை வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமாகி வந்து சேருகிறவர் மாப்பிள்ளைதான். லீவில் வந்த காலத்தில் அது சுகமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சீலா மீனின் நடுத்துண்டு, கை துடைக்கப் பெட்டியிலிருந்து எடுத்த புதுத்துண்டு. இப்போது ஊரோடு வந்து மாதங்கள் ஆகியும் அதே நடுத்துண்டு, அதே புதுத்துண்டு. பழைய துண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டு, “தொடச்சுக்கங்க” என்று மஜீதா சொல்லமாட்டாளா என்று அவர் ஏங்கிப்போனார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டாள். பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள். ‘நான் இருக்கவா, கிளம்பவா?’ என்று கேட்கப் பலமுறை வாயைத் திறந்தார். “கொஞ்சம் உப்பு கொண்டா” என்றுதான் வந்தது.

இந்த லட்சணத்தில்தான் மச்சினன் சதக் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “மச்சான், ஒரு ரவுண்டு ஓட்டுங்க, ஊரு பாக்கட்டும்” என்றான். ஊர் பார்த்தது. சவூதியில் ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி போவது சாலையின் வலப்பக்கம். கியர் போட வலதுகையை நீட்டிய கபீர் கதவில் முட்டிக்கொண்டார். சிக்னல் போடப் போனால் மழையே இல்லாமல் வைப்பர் ஆடியது. தெருமுனையில் திரும்பியவர் நேராக வலப்பக்கத்துக்குப் போய் ஏர்வாடி பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னதை எழுத முடியாது.

“இத்தன வருசமா அரபிக்கு என்னத்த மச்சான் ஓட்டுனீக? ஒட்டகமா?” என்று சதக் கேட்டான். தெருவே சிரித்தது. மஜீதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் சிரித்தாளா இல்லையா என்பதும் கபீருக்குத் தெரியவில்லை.

தப்பு தன்னிடம் இல்லை, ஸ்டியரிங்கிடம்தான் என்று கபீர் முடிவுகட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் ராமேஸ்வரத்தில் அந்த வண்டி கண்ணில் பட்டது. சதக்கின் கூட்டாளி காளீஸ்வரன் அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்தார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் லாட்ஜின் பின்கொட்டகையில் கிடந்தது. தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, மேலே துணிக்கூரை. சிவப்பாக இருந்த வண்டி உப்புக்காற்றில் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. தீர்த்தமாடி வருகிற யாத்ரீகர்கள் ஈரவேட்டியையும் சேலையையும் அதன்மேல்தான் காயப்போடுவார்கள். கபீர் ஒரு வேட்டியை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அவ்வளவுதான், மனுசன் விழுந்துவிட்டார். அங்கேயே விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார்.

வளைகுடாவிலிருந்து வருகிறவன் வாங்கும் வண்டிக்கு ஊரில் ஓர் இலக்கணம் உண்டு. பெரிய வேன் மாதிரி, குடும்பமே அடைத்துக்கொண்டு போகிற வண்டி. நிக்காஹ், பிரசவம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் எல்லாவற்றுக்கும் அதுதான். “ரெண்டே சீட்ட வச்சு என்ன செய்யப் போறீக?” என்று சதக் தலையில் அடித்துக்கொண்டான். கபீர் வண்டியின் மூக்கைத் தடவிக்கொடுத்தார். மஜீதாவைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஓட்ட வேண்டும் என்று ஓர் ஆசை உள்ளே கிடந்தது. அதை மச்சினனிடம் சொல்ல முடியுமா?

மெக்கானிக் வண்டியைத் தயார் செய்துவிட்டார் என்று காளீஸ்வரன் போன் செய்தது ஒரு வியாழக்கிழமை. அரபி கொடுத்த கெடு மறுநாள். கபீர் மஜீதாவிடம், “ராமேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வருவமா?” என்றார். ஏன் என்று கேட்காமல் அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அதுவும் அவருக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் பெண்கள் பக்கம் அவள் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டே போனார்.

லாட்ஜ் வாசலில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. மஜீதா அதைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். மறுபடி சுற்றி வந்தாள்.

“பின்சீட்டு எங்கன?”

“இதுல பின்சீட்டு கெடையாது.”

“அப்ப நான் எங்கன உக்கார?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. அது ஆண்கள் இடம். கபீரின் கதையும் அதுதான். ரியாத்தில் அரபி வீட்டுப் பெண்கள் பின்னால் ஏறுவார்கள். கண்ணாடியில்கூட அவர் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. ஒரு பெண் பக்கத்தில் இருக்க வண்டி ஓட்டுவது எப்படி என்று அவருக்கும் தெரியாது.

“நீங்க இதுல போங்க. நான் பஸ்ஸுல வாரேன்” என்றாள் மஜீதா.

கபீர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். இதற்குத்தானா இவ்வளவு பாடு? பஸ்ஸில் போகிறவள், நாளைக்கு விமானத்தில் போய்வாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அப்போது காளீஸ்வரன் குறுக்கே வந்தார். “பாய், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வலதுபக்கக் கதவு தாப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு. தானா திறந்துக்கிரும். உள்ள ஒரு ஆளு புடிச்சுக்கிட்டே போகணும். இல்லாட்டி பாலத்துக் காத்துல கதவு பிச்சுக்கிட்டுப் போயிரும்.”

மஜீதா கதவைப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். வீட்டில் ஒரு சாமான் பாழாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் அவள் இல்லை. “காசு குடுத்து வாங்குன கதவ கடல்லயா போடுறது?” என்று முணுமுணுத்தபடி ஏறி உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. கபீரின் கை கியருக்குப் போனது, கியர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பழைய கபீர் திரும்பி வந்துவிட்டார். அந்தச் சந்தோஷம் தங்கச்சிமடம் தாண்டும்வரைக்கும் நீடித்தது. முன்னால் ஒரு மீன் லாரி வந்தது. ஐஸ் உருகி வழிய, ஆடி அசைந்து போனது. முந்தலாம் என்றால் எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. சாலையில் இடப்பக்கம் போகிற வண்டியில், அதற்குள்ளும் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு லாரியின் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கைக்கு ஏற்ற வண்டியை வாங்கியவர், கண்ணுக்கு ஏற்றதா என்று பார்க்க மறந்துவிட்டார்.

கிழிந்த கூரைவழியாக மீன்தண்ணி இருவர் முகத்திலும் தெறித்தது. கபீர் வண்டியை மெல்ல வலப்பக்கம் ஒடித்தார்.

“பஸ்ஸு வருது!” என்று மஜீதா அலறினாள்.

அவர் சட்டென்று உள்ளே ஒடித்தார். ராமநாதபுரத்திலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உரசுகிற மாதிரி போனது. கபீரின் முகத்தில் வழிந்தது மீன்தண்ணியா வேர்வையா என்று தெரியவில்லை.

“ஒங்களுக்குத் தெரியலயா?”

“தெரியல, மஜீதா. இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணும் தெரியல.”

மஜீதா ஒரு கையால் கதவைப் பிடித்தபடி வெளியே தலையை நீட்டினாள். “இன்னொரு வேன் வருது. அது போகட்டும்... இருங்க... சைக்கிள்காரன்... இப்பப் போங்க. சட்டுனு போங்க!”

கபீர் மிதித்தார். லாரி பின்னால் போனது. அவள் சொன்னதை நம்பி, ஒன்றும் தெரியாத இடத்துக்குள் வண்டியை விட்டதை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாம்பன் பாலத்தில் காற்று துணிக்கூரையைத் தூக்கி அடித்தது. இருபக்கமும் கடல். மஜீதா கடலைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தாள். “போட்டோ எடுக்குறவுக நிக்கிறாக, ஒதுங்குங்க. ஐயையோ, அந்தப் பக்கமில்ல, எடது பக்கம்!” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து மொத்தமாகச் சேர்த்தாலும் அவள் அவரிடம் இவ்வளவு பேசியிருக்கமாட்டாள்.

மண்டபத்தில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். வழக்கப்படி வலப்பக்கம் வந்து குனிந்தார். துப்பட்டி போட்ட அம்மாவைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் தேடினார்.

“ஏம்மா, நீங்களா ஓட்டுறீங்க?”

“இல்லங்கய்யா. அவுகதான் ஓட்டுறாக. நான் பாத்துச் சொல்றேன்” என்றாள் மஜீதா. ஏதோ அரசாங்க உத்தியோகம் மாதிரி சொன்னாள். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். கபீர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவளும் சிரித்தாள். இந்த முறை அவர் நிச்சயமாகப் பார்த்தார்.

திருப்புல்லாணி தாண்டியதும் வண்டி புகைவிட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர் கொதித்தது. அசர் தொழுகை நேரத்து மாலை வெயில் உடைமரங்களுக்கு நடுவே சாய்ந்துகொண்டிருந்தது. கபீர் தண்ணீர் பாட்டிலோடு சூடு ஆறக் காத்து நின்றார். மஜீதா இறங்காமல் கதவைப் பிடித்தபடியே இருந்தாள். அவள் மடியில் இருந்த அவருடைய போன் அடித்தது.

“அரபியா?”

“அவருதான்.”

“என்ன சொல்லப் போறீக?”

மழுப்பக் கபீருக்குத் தெம்பில்லை. “எனக்குத் தெரியல. நான் இங்கன இருக்குறது ஒனக்குப் புடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கு வெளங்கவே மாட்டேங்குது, மஜீதா.”

போன் அடித்து ஓய்ந்தது. மஜீதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒவ்வொரு தடவயும் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் புடிப்பீக. சதக்கு ஏறுவான், ஒங்க அண்ணன் ஏறுவாக, புள்ளைக எல்லாம் ஏறும். எனக்கு ஒரு தடவகூட எடம் இருந்ததில்ல. வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள போயிருவேன். அன்னைக்கு ராவு சோறு எறங்காது.”

கபீருக்கு இது தெரியாது. வேனின் முன்சீட்டிலிருந்து அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

“இந்த வண்டியில போனா நானும் நீங்களும் மட்டும்தான் போகலாம், இல்ல?”

“ஆமா.”

“நீங்க ப்ளேன் ஏறிட்டா, இத யாரு திருப்பி ஓட்டியாருவா? எனக்கு ஓட்டத் தெரியாது. இன்னொரு ஆளக் கூட்டிட்டுப் போகவும் எடமில்ல.”

கபீர் யோசித்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. “அப்ப இதுல ஏர்போர்ட்டுக்குப் போக முடியாது” என்றார்.

“முடியாதுல்ல?” மஜீதா துப்பட்டி முனையால் முகத்தைத் துடைத்தாள். “அப்ப நல்ல வண்டிதான் வாங்கியிருக்கீக.”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, அவரே அரபியைக் கூப்பிட்டார். நான் வரவில்லை, வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரபு மொழியில் நேராகச் சொன்னார். அதில் இன்ஷா அல்லாஹ் இல்லை.

“என்ன சொன்னாரு?”

“கொஞ்சம் வருத்தப்பட்டாரு. ஒனக்கு சலாம் சொல்லச் சொன்னாரு.”

“வ அலைக்கும் ஸலாம்” என்று மஜீதா சாலையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு காலடியில் கிடந்த, வண்டி துடைத்த அழுக்குத் துண்டை எடுத்து அவரிடம் தூக்கிப் போட்டாள். “முகத்தத் தொடச்சுக்கங்க, மீன் நாத்தம் அடிக்குது.”

கபீர் முகம் துடைத்தார். தண்ணீர் ஊற்றி, மூடியை மாட்டி, வண்டியை எடுத்து, பழக்கதோஷத்தில் நேரே சாலையின் வலப்பக்கம் ஏறினார்.

“எடது பக்கம்!” என்றாள் மஜீதா, கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு.