சீல் வைத்த ஸ்வெட்டருக்குள் அந்துப்பூச்சி

காலை 7.40. கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வந்து, திருப்பூரில் மங்கலம் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. பையில் லென்ஸ், இடுக்கி, டார்ச், ஆறு கண்ணாடிக் குப்பிகள். மங்கலத்தில் ஒரு பனியன் கம்பெனி ஐரோப்பாவுக்கு முதன்முறையாகக் கம்பளி ஸ்வெட்டர் தைத்திருந்தது. பெட்டிக்குள் அடுக்கிய ஸ்வெட்டர்களில் ஓட்டை விழுந்ததால் எங்கள் பூச்சியியல் ஆய்வகத்தை அழைத்தார்கள்.

8.30. முதலாளி, சாம்பிள் ரூம் பொறுப்பிலிருந்த ஜோதிமணி அக்காவைக் கை காட்டினார். "இந்தம்மா கூட்டறதே இல்லீங்க மேடம். இன்னைக்குத் தெரிஞ்சுருமுங்க, இவங்க இருக்கறதா, போறதான்னு."

"தெனம் ரெண்டுவாட்டி கூட்டறனுங்க. பறந்த பூச்சியையெல்லாம் அடிச்சே கொன்னுருக்கறேன் அம்மிணி."

"பறக்கறது துணியைத் தின்னாதுங்க அக்கா. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது."

துணி அந்துப்பூச்சி: அரிசி நீளம், வைக்கோல் நிறம். ஐரோப்பிய வீடுகளின் அலமாரிகளில் சாதாரணம். கம்பளியில் முட்டையிடும், தின்பது புழு மட்டும். இருட்டில் பட்டுநூலால் குழல் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தின்று, கூட்டுப்புழுவாகி, பூச்சியாக வெளிவந்து, சில வாரங்களில் செத்துவிடும். பருத்தியை அது சீண்டாது. பருத்தி ஊரில் அதை யாருக்குத் தெரியும்?

10.15. மூலையில் கூட்டிப் பார்த்தேன், சுத்தம். பீரோவில் மட்டும், ஆர்டர் கொடுத்த ஐரோப்பிய பையர் அனுப்பிய சாம்பிள் ஸ்வெட்டர் தொங்கியது: பிளாஸ்டிக் கவர், கையெழுத்திட்ட சீல். சீல் வைத்த சாம்பிளை இங்கே யாரும் தொடமாட்டார்கள். ஹேங்கர் கம்பி வெளியே வரும் இடத்தில் மட்டும் கவரில் ஓட்டை.

"இதைத் திறக்கணும்."

"சீல் ஒடஞ்சா ஆர்டரே போச்சுங்க!" என்றார் முதலாளி.

ஜோதிமணி அக்கா கவரைக் கிழித்துவிட்டார்.

உள்ளே பட்டுக் குழல்கள், உரித்த தோல்கள், ஸ்வெட்டரின் அதே நீலத்தில் மணல் போன்ற எச்சம். அங்கிருந்துதான் பூச்சி பெட்டிகளுக்குப் போயிருக்கிறது. அறிக்கையில் அப்படியே எழுதினேன். முதலாளி இரண்டுமுறை படித்தார். "அப்ப அவிய அனுப்புனதுலயே இருந்துருக்குது," என்றார். பிறகு சீலோடு கிழிந்த கவரை எடுத்துப் பார்த்தார்.

மதியம் 1.20. திரும்பும் பஸ்ஸில் ஜோதிமணி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மடியில் காலியாகாத டிபன் பாக்ஸ்.

"குத்தம் எம்மேல இல்லீன்னு எழுதியிருக்குதுங்களா அம்மிணி?"

"ஆமாங்க அக்கா. தெளிவா."

"அது போதுமுங்க. சீல் வெச்ச கவரைக் கிழிச்சதுக்குத்தான் வேலைய உட்டு நிறுத்திப்போட்டாரு."