மாலை மறைத்த சின்னம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது கரமனையில் எங்கள் தெருவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு புதுக் கார்கள் வந்தன. ஒன்று சித்தப்பாவுடையது, மற்றது அப்பாவுடையது. அக்கா கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாலு வீடு தள்ளியிருந்த சித்தப்பாவோடு நானும் பேசக்கூடாது என்று உத்தரவு. கார் விற்கும் இடத்தில் வேலை பார்த்த அவர் தன் வண்டியை உறை போட்டு மூடி, பூஜைக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அப்பா வேறு கம்பெனி வண்டியோடு வந்து இறங்கி, "அவன் கம்பெனி வெறும் தகரம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சித்தப்பாவையே தகரம் என்றதுபோல எனக்கு வலித்தது.

பஞ்சாங்கம் பார்ப்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி. அதே வெள்ளிக்கிழமை, அதே முகூர்த்தத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் இரண்டு வண்டிகளும் வந்து நின்றன. இரண்டும் வெள்ளை. இரண்டின் மூக்கையும் மறைத்துப் பருத்த சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அப்பாவும் அம்மாவும் தேங்காய் உடைக்கப் போயிருந்தார்கள். நான் பிரசாதத் தட்டோடு ஓடிவந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"யாரோட வண்டின்னு பாக்காம ஏறிட்டயேடி குட்டி" என்று முன்சீட்டிலிருந்து திரும்பிச் சிரித்தார் சித்தப்பா.

அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் வண்டி மாறியது எப்படித் தெரியும்? அதே சீட், அதே கதவுப்பிடி, ஏசி காற்று வரும் வட்டத் துளைகள்கூட அதேதான். சித்தப்பா இறங்கி மாலையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வேறு சின்னம்.

"ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரே ஃபேக்டரியிலதான் பண்றா, கேட்டயா. போல்ட் முறுக்கறவனும் ஒரே ஆள்தான். கடைசியில எம்பளம் மட்டும் மாத்தி ஒட்டுவா."

வாயைப் பிளந்துவிட்டேன். டிவியில் கீரியும் பாம்புமாக நிற்கும் இரண்டு கம்பெனிகள் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கின்றன! பெயரில்லாத வெள்ளை வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வருவதும், யாரோ ஒருவர் இதற்கு இந்தப் பெயர், அதற்கு அந்தப் பெயர் என்று சூட்டி அனுப்புவதும் கண்ணுக்குள் ஓடின. சண்டைக்காரர்களை இப்படிச் சேர்த்துவைப்பது பிள்ளையாரால்கூட ஆகாத காரியம் என்று தோன்றிவிட்டது. பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான் அந்த வண்டியிலிருந்து இறங்கி வந்ததை அப்பா பார்த்துவிட்டார். அடி நிச்சயம் என்றிருந்தேன். பாதி வழி வந்தபிறகு, "என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டும் ஒரே வண்டியாம்ப்பா. எம்பளம்தான் வேறயாம்."

"தெரியும். அவன் பாத்து எடுத்த வண்டி தப்பாப் போகாது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்போ அவர் கம்பெனியிலேயே வாங்கியிருக்கலாமேப்பா?"

அப்பா ஹாரனை நீளமாக அடித்தார். எதிரே ஒரு வண்டியும் இல்லையே, யாருக்கு அடிக்கிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன்.