ஒரு பெயருக்கு எத்தனை ஏவல்

என் மன்னி பர்வதத்தை யாராவது "பாவம், சாது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாதுவாம். வாய் திறக்க விட்டால்தானே தெரியும்?

கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, என் அண்ணா துரைசுவாமியைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டுக் கல்பாத்திக்கு மருமகளாக வந்தவள். அண்ணாவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். லீவில்தான் ஊருக்கு வருவான். அவன் போட்டுவிட்டுப் போகும் புத்தகங்களை அடுப்படியில் வைத்துப் படித்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள் மன்னி. எழுபத்தெட்டில் கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு புரோகிராம் எழுத ஆள் தேவைப்பட்டது. மனுப் போட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அப்போது லீவில் வந்திருந்த அண்ணாவும் போய் வா என்று தலையாட்டினான்.

நேர்காணலன்று காலை அவள் ஒலவக்கோடு ஸ்டேஷனில் கோயம்புத்தூர் வண்டி பிடிக்க வேண்டும். இவனோ நண்பர்களைக் கூட்டி வந்து கூடத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்கிறான். அமெரிக்காவில் ஒரு புது கம்ப்யூட்டர் மொழி வருகிறதாம். அதில் ஒரு பொருளின் பெயரை ஒருமுறை சொன்னால் போதுமாம். பிறகு அரைப்புள்ளி வைத்து வைத்து ஏவிக்கொண்டே போகலாம். அத்தனை ஏவலும் அந்த ஒரே பொருளுக்குத்தான் போகும்.

"உதாரணம் பாருங்கோ," என்று உள்பக்கம் திரும்பினான். "பர்வதம், காப்பி கொண்டா, அப்பாவுக்கு மருந்து குடு, இலை நறுக்கி வை. பேரை ஒரு தடவைதானே சொன்னேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்கு நேரமாகிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

மன்னி சான்றிதழ்ப் பையோடு கூடத்துக்கு வந்தாள்.

"கேட்டேளா, அந்தப் பொருளுக்குத் தெரியாத வேலையைச் சொன்னா என்ன ஆகும்?"

"பிழைன்னு சொல்லி நின்னுடும்."

"தெரிஞ்ச வேலைதான், ஆனா இப்போ முடியாதுன்னு அது சொன்னா?"

"அப்படியெல்லாம் அது சொல்லாது."

"அப்போ உங்க உதாரணம் தப்பு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிறங்கினாள்.

அவளுக்கு வண்டியும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் அண்ணாவுக்குப் புத்தி வந்ததா என்று கேளுங்கள். அவள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாள், நண்பர்கள் முன்னால் அசடு வழிந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"விசாலம், காப்பி கொண்டா;"

அந்த அரைப்புள்ளிக்கு மேல் நான் அவனைப் போக விடவில்லை.